நல்ல பெயர் எப்படிக் கெடுகிறது?

மழைக்கால நெற்செய்கையான காலபோகம் தொடங்கும் நாட்களில், இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தனிலோ மாங்குளத்திலோ உள்ள ஒரு பசளைக் கடையில் சற்று நேரம் நின்றால், நற்பெயர் என்றால் என்ன என்பதை எவரும் விளக்காமலே கண்டுகொள்ளலாம். ஒரு கமக்காரர் வருகிறார். பசளை மூட்டைகளையும் களைநாசினிப் போத்தல்களையும் எடுக்கிறார். "வெட்டு முடியத் தாறன் அண்ணை" என்கிறார். கடைக்காரர் தலையசைத்துவிட்டுக் கொப்பியில் ஒரு வரி எழுதிக்கொள்கிறார். உறுதி எழுதப்படவில்லை, பிணையாளர் எவரும் கையொப்பமிடவில்லை. அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே குளத்துக்குக் கீழே அதே அளவு வயல்தான் உண்டு, ஆனாலும் அவரிடம் "காசு கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டபிறகே கடைக்காரர் மூட்டையில் கை வைக்கிறார்.

ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று மற்றவர்கள் முன்கூட்டியே வைத்திருக்கும் நம்பிக்கையே நற்பெயர். அந்த நம்பிக்கை இருக்கும்வரை எவரும் அவரைச் சோதித்துப் பார்ப்பதில்லை: அவர் நிறுத்துக் கொடுத்த நெல்லை மறுபடி நிறுப்பதில்லை, வருவதாகச் சொன்ன நேரத்தை இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்துவதில்லை, அவர் வைத்திருக்கும் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை. பெயர் கெடும்போது வசைக்கும் ஒதுக்கலுக்கும் முன்னதாக வந்து சேர்வது இந்தச் சோதனைகள்தான். நேற்றுவரை கேட்கப்படாத கேள்விகள் இன்று கேட்கப்படுகின்றன; கேட்பவர் பணிவாகவே கேட்கிறார், ஆயினும் கேட்கிறார். இதனால் பெயர் கெட்டவருக்கு எந்தக் காரியமும் மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாகவும் சற்றுக் கூடுதலான செலவிலும்தான் நடக்கிறது. இந்த நம்பிக்கை மற்றவர்களின் மனங்களில் இருப்பதால், உரியவர் அதைத் தாமே பூட்டிப் பாதுகாக்க வழியில்லை. தவறேதும் செய்யாத ஒருவர் அதை ஒரே வாரத்தில் இழப்பதும், பெருந்தவறு செய்த ஒருவர் இறக்கும்வரை அதனுடன் வாழ்வதும் அதனால்தான் நேர்கின்றன.

மரியாதையும் மானமும் இதற்கு நெருங்கியவை, ஆனால் இதுவேயல்ல. பதவியின் பொருட்டும் வயதின் பொருட்டும் கொடுக்கப்படும் மரியாதை, பெயர் கெட்ட பிறகும் தொடரலாம்; பெயர் கெட்ட அதிகாரிக்கும் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை போடப்படுகிறது, பொன்னாடைகூடப் போர்த்தப்படுகிறது. மானமோ ஒருவர் தம்மைப் பற்றித் தாமே வைத்திருக்கும் கணிப்பு. ஊருக்குத் தெரியாத தவறு அதைக் குலைக்கும். நற்பெயர் கெடுவதற்கு மட்டும் வேறு ஆட்கள் வேண்டும்.

பெயர் என்று ஒருமையில் சொன்னாலும் ஒவ்வொருவருக்கும் பல பெயர்கள் உண்டு: காசுக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று, வேலைத் திறமைக்கு ஒன்று, ஒழுக்கத்துக்கு ஒன்று. ஒன்று கெட்டால் மற்றவையும் கெடவேண்டும் என்ற விதி கிடையாது. மாலையானால் குடிக்கும் மேசன் ஒருவரின் சுவர் தூக்குக்குண்டுக்குப் பிசகாமல் நிற்குமானால் ஊர் அவரைத் தொடர்ந்து வேலைக்குக் கூப்பிடும். கூலியை மட்டும் அவருடைய மனைவியின் கையில் கொடுக்கும். அதாவது ஊர் அவரை எதில் நம்பலாம், எதில் நம்பக்கூடாது என்று பிரித்து வைத்திருக்கிறது, அந்தப் பிரிப்பு பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. இப்படிப் பிரித்து வைக்க முடியாதது காசு விடயத்தில் கெட்ட பெயர். பொதுப் பணத்தில் கைவைத்தவர் என்று அறியப்பட்டவரின் சாட்சியமும், அவர் பேசிவைத்த கலியாணப் பேச்சும், கோயில் நிருவாகத்தில் அவர் சொல்லும் யோசனையும் எல்லாம் அதே கண்ணோடு பார்க்கப்படுகின்றன.

கட்டியெழுப்பப் பல ஆண்டுகள் எடுக்கும் பெயர் ஒரு நாளில் கெட்டுவிடுவது ஏன் என்ற கேள்வி இங்கே எழும். மனிதர் மறதியும் பொறாமையும் உடையவர்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோவது எளிது; ஆனால் இதற்குள் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. சமூக உளவியலாளர்கள் 1980களிலிருந்து எடுத்துக்காட்டிவரும் வேறுபாடு ஒன்று இதை நன்கு விளக்குகிறது. திறமையைப் பற்றி முடிவு செய்யும்போது நாம் நல்ல செயலுக்குக் கூடிய எடை கொடுக்கிறோம். நேர்மையைப் பற்றி முடிவு செய்யும்போது கெட்ட செயலுக்குக் கூடிய எடை கொடுக்கிறோம். பழுதான நீர்ப்பம்பி ஒன்றைப் பலரும் கைவிட்ட பிறகு திருத்திக் கொடுத்த மெக்கானிக், பின்னர் இரண்டு பம்பிகளைத் திருத்த முடியாமல் விட்டாலும் கெட்டிக்காரர்தான், ஏனென்றால் திறமையில்லாதவரால் முதல் வேலையைச் செய்திருக்கவே முடியாது. அதே மெக்கானிக், ஒருமுறை மட்டும், நல்ல உதிரிப்பாகத்தைக் கழற்றிப் பழையதைப் போட்டார் என்று தெரியவந்தால், அவர் இதுவரை திருத்திய பம்பிகள் எல்லாவற்றையும் பற்றிய ஐயம் ஒரே நாளில் எழுகிறது.

வாய்க்கால் தண்ணீரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீரின் அளவைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுத்து, பங்குக்கு ஏற்ப முறை வைத்துத் தண்ணீர் விடுவது இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் உள்ள வழமை. ஒருவர் பல போகங்களாக முறை தவறாமல் தண்ணீர் எடுத்தார் என்றால், அவர் நேர்மையானவர் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அபராதத்துக்குப் பயந்தார் என்பதும், அவ்வாண்டுகளில் தண்ணீர் போதுமானதாக இருந்தது என்பதும் காரணங்களாக இருக்கலாம். அவரே ஒரு நாள் நடுச்சாமத்தில் அடுத்தவருடைய முறையில் மடையைத் திறந்தார் என்றால், அதற்கு ஊர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். நல்ல நடத்தைக்குப் பல விளக்கங்கள் இருப்பதாலேயே அது மெதுவாக எடை சேர்க்கிறது. அவருடைய வயல் கடைவாய்க்காலில் இருந்தது, பயிர் கருகத் தொடங்கியிருந்தது, வீட்டில் அடகு வைக்க எதுவும் மிஞ்சவில்லை என்ற செய்திகள் பின்னர் வந்து சேரலாம். பெரும்பாலும் அவை தாமதமாகவே வந்து சேர்கின்றன.

இனி, பெயர் உண்மையில் கெடும் தருணத்தைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அது தவறு செய்யப்பட்ட தருணமும் அல்ல, தவறு தெரியவந்த தருணமும் அல்ல. ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் சங்கப் பணத்தில் ஒரு தொகையைச் சொந்தத் தேவைக்கு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிப் புத்தகத்தைப் பார்த்த செயலாளருக்குத் தெரியும்; செயலாளரின் மனைவிக்குத் தெரியும்; பொருளாளர் திடீரென்று மோட்டார் சைக்கிளைத் திருத்தியதைக் கவனித்த அயலவருக்கு ஓர் ஊகம் உண்டு. சில மாதங்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆயினும் சந்தியில் கண்டால் அவருடன் வழமைபோலவே கதைக்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள், ஏனென்றால் தமக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியுமா என்பது எவருக்கும் நிச்சயமில்லை. முதலில் வாயைத் திறப்பவர்மீது "வீண்கதை கட்டுகிறார்" என்ற பழி விழலாம்.

பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. வாசிகசாலை மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் போடப்படுகின்றன, அறிக்கை வாசிக்கப்படுகிறது, பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, "அண்ணை, பாங்குப் புத்தகத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்கிறார். புதிய தகவல் எதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, மண்டபத்திலுள்ள ஒவ்வொருவருக்கும், இது மற்ற எல்லாருக்கும் தெரியும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இனித் தெரியாததுபோல் நடந்துகொள்பவர் தவறுக்குத் துணைபோகிறவராகிவிடுவார். நேற்றுவரை அவருடன் தேநீர் குடித்தவர்கள் இன்று விலகுவது இதனால்தான். அவர்கள் நேற்றைவிட இன்று கூடுதலாக எதையும் அறிந்துகொள்ளவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் இதை அனுபவத்தால் அறிவார்கள். கூட்டத்துக்கு முந்திய வாரம் ஒருவர் பொருளாளரின் வீட்டுக்குப் போய், முற்றத்தில் இருந்து வேறு கதையெல்லாம் கதைத்துவிட்டு, எழும்பும்போது, "தம்பி, கூட்டத்துக்கு முதல் அந்தக் காசைப் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு வருவது, தவறு திருத்தப்படவும் பெயர் சபையில் கெடாமல் இருக்கவும் கண்ட வழி. நல்ல வழிதான் என்று தோன்றும். ஆனால் எல்லாருடைய முற்றத்துக்கும் பெரியவர்கள் இப்படிப் போவதில்லை. காணியும் உறவும் உள்ளவருக்கு முற்றத்தில் சொல்லப்படுவது, அவை இல்லாதவருக்கு நேரே சபையில் சொல்லப்படுகிறது. அந்தச் சலுகையைக் கருணை என்று மட்டும் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சபையிலிருந்து வெளியேறிய செய்தி வாய்க்கு வாய் மாறும்போது சுருங்குகிறது. முதலில் உதிர்வது காரணம்: பிள்ளையை அவசரமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது என்ற பகுதி இரண்டாவது வாயிலேயே காணாமற் போய்விடும். அடுத்து உதிர்வது, அவர் அதில் பாதியைத் திருப்பிக் கட்டிவிட்டார் என்பது. தொகை மட்டும் உதிர்வதில்லை, வளர்கிறது. கடைசியில் எஞ்சுவது ஆளின் பெயரும் "காசு அடிச்சவர்" என்ற இரண்டு சொற்களும் மட்டுமே. கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் தீய நோக்கம் உடையவர்கள் என்று கொள்ளத் தேவையில்லை. சுருக்கிச் சொன்னால்தான் ஒரு செய்தியைப் படலையில் நின்றபடி சொல்லிவிட்டுப் போகலாம்.

தவறே செய்யாதவரின் பெயர் கெடுவதற்கு வன்னியில் நன்கு அறியப்பட்ட உதாரணம் நுண்கடன். போருக்குப் பின் மீள்குடியேறிய கிராமங்களில், குறிப்பாகப் பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களை நாடி, நகையோ உறுதியோ கேட்காமல் சிறு கடன்கள் கொடுக்கப்பட்டன. சில பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். பிணை இல்லாத கடன் என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் அங்கே பிணையாக வைக்கப்பட்டது அந்தப் பெண்களின் பெயர்தான். கிழமைக்கு ஒருமுறை அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் எந்தப் படலைக்கு முன்னால் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஒழுங்கை முழுவதும் பார்க்கிறது. பணம் கிடைக்கும்வரை அவர் திண்ணையில் இருக்கிறார், பொழுது சாய்கிறது, ஆண்துணை இல்லாத வீடு, அடுத்த நாள் தண்ணீர் அள்ளும் இடத்தில் கடனைப் பற்றிய பேச்சு வேறு பேச்சாக மாறுகிறது. வரட்சியால் கச்சான் கருகியதற்கு அந்தப் பெண் எவ்வகையிலும் பொறுப்பாளியல்ல, ஆனால் காசுக்கான பெயரோடு ஒழுக்கத்துக்கான பெயரும் சேர்த்துப் பறிக்கப்படுகிறது. இரண்டாவதைப் பறிப்பது கடன் கொடுத்த நிறுவனம் மட்டுமல்ல, ஒழுங்கையும்தான். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைப் பெற்ற பெண்களுக்கு 2018இல் அரசு கடன் நிவாரணம் அறிவித்தது. ஒழுங்கையில் போன பெயரைத் திருப்பிக் கொடுக்கச் சுற்றறிக்கை எதுவும் இல்லை.

எழுத்தில் வைக்கப்படும் பெயரும் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இலங்கைக் கடன் தகவல் பணியகம், மக்கள் பேச்சில் "கிரிப்", ஒருவர் பெற்ற கடன்களையும் தவறிய தவணைகளையும் பதிந்து வைத்திருக்கிறது. வங்கிகள் கடன் கொடுக்குமுன் அதைப் பார்க்கின்றன. இதைப் பற்றி மக்கள் அச்சத்தோடுதான் பேசுவார்கள், ஆனால் ஊர் வைத்திருக்கும் பெயரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ கண்ணியமானது: ஒருவர் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம், அதில் பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். ஊரின் நினைவில் தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதற்கு எந்த விண்ணப்பப் படிவமும் கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியாக அறிபவரும் உரியவரே.

பெயரை வைத்திருப்பவர்கள் சிதறிப்போனால் என்ன ஆகும்? வன்னி இதைப் பலமுறை கண்டது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். 2009இல் வன்னி மக்களே செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம்கள் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டன. அங்கே கூடாரங்கள் ஊர் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. தம் ஊரில் வாய்ச்சொல்லுக்கே நெல் கடன் பெற்ற ஒருவர், பக்கத்துக் கூடாரக்காரருக்கு யாரோ ஒருவர்தான். களவுப் பழியோடு வாழ்ந்தவரும் அப்படித்தான். இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கு அது பேரிழப்பு, மற்றவருக்கு அது விடுதலை என்று சொல்லலாம், ஆனால் விடுதலை நெடுநாள் நீடிப்பதில்லை, ஏனென்றால் நம்மவர் இருவர் சந்தித்தால் கேட்கும் முதற் கேள்வி "எந்த ஊர்?" என்பதும் இரண்டாவது "ஆற்றை மகன்?" (யாருடைய மகன்) என்பதும்தான். இரண்டு கேள்விகளுக்குள் பழைய பெயர் வந்து சேர்ந்துவிடும்.

அந்தக் கேள்விகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு, அவர்கள் எதையும் செய்யுமுன்பே ஒரு பெயர் தயாராக இருந்தது. அவர்கள் காடு வெட்டிக் காணி திருத்திய பிறகும், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகும், சம்பந்தம் பேசும் இடத்தில் அந்தப் பெயர் எழுந்து நின்றது. தனியொருவர் தம் நடத்தையால் பெற்ற பெயருக்கும் குழுவின்மீது ஒட்டப்பட்ட பெயருக்கும் உள்ள வேறுபாடு, இந்தப் பொருளைப் படிக்கத் தொடங்குபவர் முதலிலேயே மனத்தில் இருத்தவேண்டியது. பின்னதை இழப்பதற்குத் தவறு தேவையில்லை, ஈட்டுவதற்கு நன்னடத்தையும் உதவுவதில்லை.

கெட்ட பெயருக்கு இன்னொரு தன்மையும் உண்டு: அது புதிய பழிகளைத் தன்னிடம் இழுக்கும். ஊரில் ஆடு காணாமற் போனால் முன்பு ஆடு களவெடுத்தவரின் வீட்டுப் பக்கமே முதலில் ஆட்கள் போவார்கள். வன்னியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றிய வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படையால் தோற்கடிக்கப்பட்டான். அவனைக் காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன் என்று மேடை நாடகங்களும் மக்கள் பேச்சும் சொல்கின்றன. ஆனால் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், அதாவது பண்டாரவன்னியனின் போருக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, எழுதப்பட்ட யாழ்ப்பாண வைபவமாலை என்ற வரலாற்று நூலில், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்கு, அதாவது போர்த்துக்கேயருக்கு, காட்டிக்கொடுத்தவனாகக் காக்கை வன்னியன் வருகிறான். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். ஓராள் இரண்டு காலத்திலும் வாழ்ந்திருக்க முடியாது. ஏற்கெனவே கெட்டிருந்த ஒரு பெயர், ஒரு துரோகி தேவைப்பட்ட இன்னொரு கதைக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

உயிரோடு இருப்பவருக்குச் சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. இலங்கையில் அவதூறைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. ஆகவே இன்று பெயரைக் கெடுத்தவருக்கு எதிராகக் குடியியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரவேண்டும். இதற்கு அடிப்படையாக உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தில், சொன்னது உண்மை என்று காட்டுவது மட்டும் எதிராளிக்குப் போதாது. அதைச் சொன்னதால் பொதுநன்மை விளைந்தது என்றும் காட்டவேண்டும். சிந்திக்கத்தக்க விதி இது. ஆனால் வழக்கு நடக்கும் ஆண்டுகள் முழுவதும் அவதூறு மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது என்பதால், கிராமத்தவர் எவரும் இதற்காக வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ நீதிமன்றம் ஏறுவது அரிது. பொய்ப்பழிக்கு ஊரில் பலன் தருவது, பழி சொல்லப்பட்ட அதே சபையில், அதைச் சொன்னவரே எழுந்து, தாம் சொன்னது பிழை என்று சொல்வதுதான். தனியாக வீட்டுக்கு வந்து கேட்கும் மன்னிப்பு மனத்தை ஆற்றும், பெயரைத் திருத்தாது. பெயர் கெட்டது வீட்டில் அல்ல.

உண்மையாகவே தவறு செய்தவர் பெயரை மீட்பதும் இதே வழியில்தான் நடக்கிறது. பணத்தை இரவோடிரவாகச் செயலாளரின் கையில் கொடுப்பதைவிட, அடுத்த கூட்டத்தில் எல்லாரும் பார்க்க எண்ணிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவது கடினமானது, ஆனால் பயனுள்ளது. அதற்கு மேலும் ஒன்று வேண்டும்: தம் பெயரைப் பணயம் வைத்து, பெயர் கெட்டவரிடம் ஒரு சிறு பொறுப்பை முதலில் ஒப்படைக்கும் ஒருவர். திருவிழா அன்னதானத்துக்குக் காய்கறி வாங்கிவரும் பொறுப்பாக இருக்கலாம்; வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பாக இருக்கலாம். அவர் அதிலும் தவறினால் ஒப்படைத்தவரின் பெயரும் சேர்ந்து போகும் என்பதால் அப்படி முன்வருபவர்கள் சிலரே.

மீளும்போதும் எல்லாம் ஒன்றாக மீள்வதில்லை. கலியாண வீட்டு அழைப்பு முதலில் வரும். வயல் வேலைக்குக் கைமாற்றாக ஆள் அனுப்புவது அடுத்து வரும். கடைக் கொப்பியில் மறுபடி பெயர் ஏறுவதற்கு ஒன்றிரண்டு போகம் பிடிக்கும். சங்கத்தின் பணப்பெட்டி அநேகமாகத் திரும்புவதே இல்லை. சில சங்கங்கள் இதை வேறுவிதமாகக் கையாள்கின்றன: தலைவர், பொருளாளர் இருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே வங்கியிலிருந்து பணம் எடுக்கலாம், மாதந்தோறும் வரவு செலவு அறிவித்தல் பலகையில் ஒட்டப்படவேண்டும் என்று விதி செய்துகொள்கின்றன. விதி எல்லாப் பொருளாளர்களுக்கும் பொதுவானது என்பதால் எவரையும் சுட்டுவதில்லை. முன்பு தவறியவரின் பெயரை மறுபடி பிரேரிக்க ஒருவரும், ஆமோதிக்க ஒருவரும் கிடைக்கக்கூடிய இடம் அப்படியான சங்கம்தான்.